வேறொரு வைரஸ் துணையில்லாமல் பெருக முடியாத வைரஸ்கள்: "குறை வைரஸ்" என்று சொல்வது சரிதானா?

முகில் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பள்ளி மாணவர்களுக்காக வைரஸ்கள் பற்றித் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் மூன்று நாளாக நகராமல் நிற்கிறேன்.

செல்லுக்குள் நுழைந்த பிறகும் தானாகப் பெருக முடியாத வைரஸ்கள் சில உண்டு. அதே செல்லில் இன்னொரு வைரஸும் இருந்தால்தான் அவற்றுக்கு வழி பிறக்கும். அந்த இன்னொன்றுக்கு உதவி வைரஸ் என்று பெயர். சரி, இதுவரை சிக்கல் இல்லை. உதவி பெறும் வைரஸைக் "குறைபாடுள்ள வைரஸ்" என்று எழுதினேன். மறுபடி படித்தபோது உறுத்தியது. செல் இல்லாமல் எந்த வைரஸ்தான் பெருகுகிறது? ரைபோசோமைத் தானே செய்துகொள்ளும் வைரஸ் கிடையாது. புரதம் வேண்டுமென்றால் எல்லா வைரஸும் செல்லை நம்பித்தான் ஆக வேண்டும். அப்படியிருக்கும்போது ஒன்றை மட்டும் குறையுள்ளது என்று தனியாக நிறுத்துவது எதனால்? அப்புறம், உதவுகிற வைரஸுக்கு இதில் நஷ்டமா, இல்லை ஒன்றுமே தெரியாதா?

பாடநூல் வரையறை என்னிடம் இருக்கிறது. அது போதவில்லை. உங்கள் கையில் பழகிய வைரஸை வைத்து யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சோதனைக்குழல்

என் அன்றாட வேலையே இப்படிப்பட்ட ஒரு வைரஸோடுதான். ஏஏவி. விரித்துச் சொன்னால் அடினோ-அசோசியேட்டட் வைரஸ். பெயரிலேயே இன்னொருவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. 1965இல் அடினோவைரஸ் மாதிரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுமார் 90 நானோமீட்டர் அகலமுள்ள அடினோ துகள்களுக்கு நடுவே 25 நானோமீட்டர் கூட இல்லாத பொடித் துகள்கள் கிடந்தன. கலப்படமாக வந்து சேர்ந்ததுதான் பிறகு தனி வைரஸ் என்று தெரிந்தது.

இதன் மரபணுத்தொகுதி 4,700 எழுத்துகள். பெரிய மரபணுக்கள் இரண்டே இரண்டு. நகலெடுப்பைத் தொடங்கிவைக்க ரெப், கூடு கட்ட கேப். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் என்சைமைச் செல் தருகிறது. பார்க்கப்போனால் தேவையானது எல்லாம் இருக்கிறது. ஆனாலும் தனியாக வந்தால் செல்லுக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்துவிடும். ஏஏவி-2 வகை, வளர்ப்புச் செல்களில், 19ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தன்னைச் சொருகிக்கொண்டு கிடக்கும். பின்னாளில் அதே செல்லுக்குள் அடினோவைரஸ் வந்தால் விழித்துக்கொள்ளும்.

அடினோ என்னதான் கொடுக்கிறது? இதை எங்களால் பட்டியல் போட்டே சொல்ல முடியும். இ1ஏ, இ1பி, இ2ஏ, இ4 என்ற அதன் மரபணுப் பகுதிகள், கூடவே விஏ என்ற சின்ன ஆர்.என்.ஏ. அவ்வளவுதான். இவை ஏஏவியின் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன, செல்லை டி.என்.ஏ. நகலெடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகின்றன. அடினோவேதான் வேண்டும் என்றுகூட இல்லை, ஹெர்பிஸ் வைரஸும் இந்த உதவியைச் செய்யும்.

ஆய்வகத்தில் நாங்கள் அடினோவைரஸை உள்ளேயே விடுவதில்லை. ஒரு குழாயில் மூன்று பிளாஸ்மிட்களை, அதாவது சின்ன வட்ட டி.என்.ஏ.க்களை, கலக்கிறோம். ஒன்றில் நோயாளிக்குத் தேவையான மரபணு, ஒன்றில் ரெப்பும் கேப்பும், மூன்றாவதில் அடினோவின் இ2ஏ, இ4, விஏ. மிச்சமுள்ள இ1ஏ, இ1பி இரண்டும் நாங்கள் பயன்படுத்தும் 293 என்ற வளர்ப்புச் செல்களுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. பாலிமர் கரைசலைச் சேர்த்துக் கால் மணி நேரம் வைத்தால், தெளிவாக இருந்த திரவம் லேசாகக் கலங்கி வரும். அதைச் செல்கள்மேல் சொட்டுச் சொட்டாக விடுவோம். மூன்றாம் நாள் செல்கள் உருண்டு, தட்டிலிருந்து விட்டு மிதக்கத் தொடங்கும்போது அறுவடை. உள்ளே ஏஏவி நிறைந்திருக்கும். அடினோ ஒன்றுகூட இருக்காது. அடினோ வரவில்லை, அதன் உதவி மட்டும் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது.

பார்வைக் குறைபாட்டுக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா, முதுகுத்தண்டுத் தசைச் சிதைவுக்கு 2019இல் வந்த ஸோல்ஜென்ஸ்மா இரண்டும் இந்தக் கூட்டில்தான் போகின்றன. அவற்றில் ரெப், கேப் இரண்டையுமே எடுத்துவிடுகிறோம், ஆகவே நோயாளிக்கு அடினோ தொற்று வந்தாலும் அது பெருகாது. நீங்கள் "குறை" என்று எழுதத் தயங்குகிறீர்கள் முகில். எங்களுக்கு அந்தக் குறைதான் பாதுகாப்பு.

பச்சிலை

நான் செடி நோய் பார்ப்பவள். சோதனைக்குழல் சொன்ன ஏஏவிக்காவது நகலெடுக்கும் என்சைம் செல்லிலேயே கிடைக்கிறது. எங்கள் பக்கத்து வைரஸுக்கு அதுவும் இல்லை.

புகையிலை நெக்ரோசிஸ் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுத்திகரித்துப் பார்த்தால் இரண்டு அளவில் துகள்கள் வந்தன. பெரியதைத் தனியாகச் செடியில் தடவினால் நோய் வரும். சிறியதைத் தனியாகத் தடவினால் ஒன்றும் நடக்காது. இரண்டையும் சேர்த்துத் தடவினால் இரண்டும் பெருகும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கஸ்ஸானிஸ் இதை ஆராய்ந்து, 1960களின் தொடக்கத்தில் சிறியதற்குத் துணைக்கோள் வைரஸ் என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் அங்கிருந்துதான் பரவியது. அதன் ஆர்.என்.ஏ. 1,239 எழுத்துகள். அதில் எழுதியிருப்பது ஒரே ஒரு புரதம், தன் கூட்டுக்கானது. ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸைப் பெரிய வைரஸிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும், எழுத்தை மட்டும் அடுத்தவர் பேனாவால் எழுதிக்கொள்ளும்.

இதைவிட எனக்கு நெருக்கமானது நிலக்கடலை ரோசெட் நோய். ஆப்பிரிக்காவில் கடலைப் பயிரை அழிக்கும் நோய் இது. செடி குட்டையாகி, இலைகள் நெருங்கி, ரோஜா இதழ் அடுக்கு மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒரு வைரஸ் காரணமில்லை, மூன்று பேர் கூட்டு.

முதலாவது ரோசெட் வைரஸ். அதற்குத் தன்னை நகலெடுத்துக்கொள்ளத் தெரியும், ஆனால் கூட்டுப் புரதமே கிடையாது. இரண்டாவது ரோசெட் அசிஸ்டர் வைரஸ். அதற்குக் கூடு உண்டு. அசுவினிப் பூச்சி அந்தக் கூட்டை அடையாளம் கண்டு சுமந்துகொண்டு போகும். மூன்றாவது ஒரு துணைக்கோள் ஆர்.என்.ஏ., சுமார் 900 எழுத்து. அது நகலாக ரோசெட் வைரஸ் வேண்டும், பயணம் போக அசிஸ்டரின் கூடு வேண்டும். ஆனால் கதை இங்கே திரும்புகிறது. அந்தத் துணைக்கோள் ஆர்.என்.ஏ. இல்லையென்றால் ரோசெட் வைரஸால் அசிஸ்டரின் கூட்டுக்குள் ஏறிப் பூச்சி வழியாகப் போக முடியாது. நோயின் அறிகுறிகளும் பெரும்பாலும் அந்தத் துணைக்கோளால்தான் வருகின்றன. அசிஸ்டர் மட்டும் தாக்கிய கடலைச் செடியைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே பல சமயம் தெரியாது.

இப்போது சொல்லுங்கள் முகில், இந்த மூன்றில் யார் உதவி வைரஸ், யார் உதவி பெறும் வைரஸ்?

முகில்

பச்சிலை, உங்கள் கேள்வியைத் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பார்த்தேன். அசிஸ்டரைத் தவிர மற்ற இரண்டுக்கும் உள்ளேயும் அம்பு வருகிறது, வெளியேயும் போகிறது. மாணவர்களுக்கு இந்தப் படத்தையே கொடுக்கலாம் போலிருக்கிறது.

ஒரு சந்தேகம். அசுவினி ஒரே செடியில் குடிக்கும்போது மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுமா?

பச்சிலை

எப்போதும் இல்லை. அசிஸ்டர் வைரஸ் செடியின் சாற்றுக் குழாயில் மட்டும் தங்கும். மற்ற இரண்டும் இலைத்தசையிலும் இருக்கும். கூட்டுக்குள் ஏறிய துகள்களைச் சுமந்து வரும் பூச்சி, புதுச் செடியில் சற்று நேரம் மட்டும் குத்திப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டால் ரோசெட்டும் துணைக்கோளும் இறங்கிவிடும், அசிஸ்டர் இறங்காமல் போகலாம். அப்படிப்பட்ட செடியில் அறிகுறி நன்றாகத் தெரியும், ஆனால் அங்கிருந்து நோய் வேறு செடிக்குப் போகாது, பின்னால் இன்னொரு பூச்சி அசிஸ்டரைக் கொண்டுவந்து சேர்த்தால் ஒழிய.

தறி

இழை நன்றாகப் போகிறது, ஆனால் இரண்டு வேறு விஷயங்கள் கலக்கின்றன என்று நினைக்கிறேன். ஏஏவி, துணைக்கோள் வைரஸ் இவையெல்லாம் தனி வம்சம். உதவி வைரஸோடு அவற்றுக்கு இரத்த உறவு இல்லை. "குறை" என்ற சொல் உண்மையில் பொருந்துவது வேறொரு கூட்டத்துக்கு. முழு வைரஸின் வயிற்றிலேயே பிறந்து, பாதி மரபணுவை இழந்து, அந்த முழு வைரஸையே நம்பிப் பிழைப்பவை. குறுக்கிடும் குறைத்துகள்கள்.

1940களின் கடைசியிலும் 50களிலும் டென்மார்க்கில் ஃபான் மாக்னுஸ் என்பவர் இன்ஃப்ளூயன்சா வைரஸை நீர்க்காமல் கோழிக்கருவில் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே போனார். துகள்கள் வந்தன, இரத்தச் சிவப்பணுக்களை ஒட்ட வைத்தன, ஆனால் தொற்றும் சக்தி விழுந்துவிட்டது. முழுமையடையாத வைரஸ் என்றார். பிறகு 1970இல் ஆலிஸ் ஹுவாங்கும் டேவிட் பால்டிமோரும் இவற்றுக்கு ஒழுங்கான வரையறை கொடுத்து, நோயின் போக்கையே இவை மாற்றலாம் என்று எழுதினார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். படிப்பு முடித்துச் சேர்ந்த புதிதில் விஎஸ்வி என்ற கால்நடை வைரஸை வளர்க்கும் வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கிடைத்ததை நீர்க்காமல் அப்படியே அடுத்த குடுவையில் ஊற்றினேன். நிறைய ஊற்றினால் நிறைய வரும் என்று எண்ணினேன். நான்காவது ஐந்தாவது சுற்றில் செல்கள் சாகவே மறுத்தன. வைரஸ் செல்களைக் கொன்ற இடங்களை ஓட்டைகளாகக் காட்டும் பிளாக் சோதனைத் தட்டில் ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால், வழக்கமாகச் சல்லடை போல் ஓட்டை தெரியும் இடத்தில் ஒரே ஊதாப் படலம். வைரஸ் செத்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். இன்னும் இரண்டு சுற்று போனதும் ஓட்டைகள் திரும்ப வந்தன. அப்புறம் மறுபடி காணாமல் போயின.

நடந்தது இதுதான். நகலெடுக்கும்போது பாலிமரேஸ் நடுவில் தாவிவிடுகிறது. குட்டையான நகல் பிறக்கிறது. குட்டையாக இருப்பதால் அதை வேகமாக நகலெடுக்கலாம். ஒரே செல்லில் முழு வைரஸும் குட்டையும் சேர்ந்து நுழைந்தால், குட்டை எல்லாப் பாலிமரேஸையும் இழுத்துக்கொள்ளும். முழு வைரஸ் குறைய, அதை நம்பிய குட்டையும் குறையும். குட்டை குறைந்ததும் முழு வைரஸ் மீளும். ஏறி இறங்கும் அந்த அலையைத்தான் என் தட்டுகளில் பார்த்தேன். மூத்தவர் ஒருவர் வந்து, ஆயிரம் மடங்கு நீர்த்துவிட்டு வளர்க்கச் சொன்னார். நீர்த்தால் ஒரு செல்லுக்கு ஒரு துகளுக்கு மேல் போகாது. குட்டை தனியாக மாட்டிக்கொள்ளும். ஒரே சுற்றில் சரியாகிவிட்டது.

ஆகவே முகில், என் கருத்து: இவற்றுக்கு மட்டும் "குறை" என்று வையுங்கள். மற்றவற்றுக்குத் துணைக்கோள்.

சோதனைக்குழல்

> இவற்றுக்கு மட்டும் "குறை" என்று வையுங்கள்

தறி, உங்கள் கோடு நேராக இருக்கிறது, வைரஸ்கள் அந்தக் கோட்டில் நிற்பதில்லை. ரவுஸ் சர்கோமா வைரஸின் பிரையன் வகையைப் பாருங்கள். கோழியில் புற்றுநோய் உண்டாக்கும் மரபணு அதனிடம் இருக்கிறது, மேலுறைப் புரதத்துக்கான மரபணு இல்லை. கூடவே வரும் இன்னொரு கோழி ரெட்ரோவைரஸ் தன் மேலுறையைக் கொடுத்தால்தான் அது அடுத்த செல்லுக்குத் தொற்றும். 1963இல் ஹனஃபூசா குழுவினர் இதைக் காட்டினார்கள். முழு வைரஸிலிருந்து இழந்து பிறந்த குறைதான் இது, ஆனால் உதவியை அழிக்கும் குறுக்கீடு இதன் அடையாளம் இல்லை. உங்கள் இரண்டு பெட்டியில் இதை எதில் போடுவீர்கள்?

இன்னொன்று. குறைத்துகள் ஆய்வகத் தட்டில் மட்டும் நடக்கும் விபத்து என்று நெடுநாள் நினைத்தார்கள். மியான்மரில் 2001ஐ ஒட்டிய காலத்தில் எடுத்த டெங்கு-1 மாதிரிகளில், மேலுறை மரபணுவின் நடுவே நிறுத்தக்குறி விழுந்துவிட்ட ஒரு வம்சம் கிடைத்தது. நோயாளிகளிடமும் இருந்தது, ஏடிஸ் கொசுக்களிலும் இருந்தது. தன் மேலுறையைத் தானே முடிக்க முடியாத வைரஸ், பக்கத்தில் இருந்த முழு வைரஸின் புரதத்தைப் போர்த்திக்கொண்டு குறைந்தது 18 மாதம் மனிதருக்கும் கொசுவுக்கும் இடையே போய் வந்திருக்கிறது. 2006இல் வெளிவந்த ஆய்வு இது.

தறி

டெங்கு உதாரணத்தை ஏற்கிறேன். அது என் கோட்டை உடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பிறப்பு என்ற கேள்வியை விட முடியாது. தாய் வைரஸின் துண்டா, தனி வம்சமா என்பது மருந்து செய்யும்போது முக்கியம். 2021இல் போலியோ வைரஸிலிருந்து உருவாக்கிய ஒரு குறைத்துகளை எலிகளின் மூக்கில் விட்டபோது, வேறு வைரஸ்களிடமிருந்தும் பாதுகாப்பு கிடைத்தது. உடலின் எச்சரிக்கை மணியை அது அடித்துவிடுகிறது. இந்த வழியில் பலர் உழைக்கிறார்கள்.

இளவேனில்

நான் உங்கள் துறை இல்லை. இந்தத் தலைப்பைத் தேடித்தான் இங்கே வந்தேன். தவறாக ஏதாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி பல வருடமாக இருக்கிறது. டெனோஃபோவிர் மாத்திரை ஒரு நாளும் விட்டதில்லை. இரத்தத்தில் பி வைரஸின் டி.என்.ஏ. "கண்டறிய இயலவில்லை" என்றே ஒவ்வொரு அறிக்கையிலும் வரும். ஆனால் கல்லீரல் என்சைம் அளவு மட்டும் இறங்கவில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். அண்ணன் தொட்டதே இல்லை. கொழுப்பு என்றார்கள், எடையைக் குறைத்தார். போன மாதம் வேறொரு மருத்துவர், டெல்டா பார்த்தீர்களா என்று கேட்டார். அந்தச் சொல்லையே நாங்கள் அன்றுதான் கேட்டோம். எதிர்ப்புரதம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது.

டெல்டா என்பது ஹெபடைடிஸ் டி வைரஸ், அது பி வைரஸை நம்பித்தான் வாழும் என்று படித்தேன். பி வைரஸ்தான் மாத்திரையில் அடங்கிவிட்டதே, அப்புறம் டெல்டா எப்படி இருக்கிறது? இது எனக்குப் புரியவே இல்லை.

மருதம்

இளவேனில், நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கல்லீரல் மருத்துவம் படிக்க வந்த புதிதில் நானும் இதே இடத்தில்தான் தடுக்கினேன்.

டெல்டாவுக்குப் பி வைரஸ் முழுவதும் தேவையில்லை. அதன் மேலுறைப் புரதம் மட்டும் போதும், ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் என்று உங்கள் அறிக்கையில் இருக்குமே, அதேதான். டெனோஃபோவிர் செய்வது, பி வைரஸ் தன் டி.என்.ஏ.வை நகலெடுப்பதைத் தடுப்பது. மேலுறைப் புரதம் செய்வதை அது தடுப்பதில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவில் பி வைரஸின் வட்ட டி.என்.ஏ. தங்கியிருக்கிறது, போதாததற்குச் செல்லின் சொந்தக் குரோமோசோமிலேயே அதன் துண்டுகள் சொருகியிருக்கின்றன. அங்கிருந்து மேலுறை தயாராகிக்கொண்டே இருக்கும். அண்ணனின் பழைய அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். டி.என்.ஏ. இல்லை என்று வந்த அதே தாளில் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றே இருந்திருக்கும். டெல்டாவுக்குத் தேவையான சட்டை அங்கே தைத்துத் தயாராக இருந்தது.

மற்ற வேலையெல்லாம் டெல்டா செல்லை வைத்தே முடித்துக்கொள்கிறது. அதன் ஆர்.என்.ஏ. வட்டமானது, சுமார் 1,700 எழுத்துதான். மனிதரைத் தொற்றும் வைரஸ்களில் இவ்வளவு சின்ன மரபணுத்தொகுதி வேறு இல்லை. தன்னிடம் பாலிமரேஸ் இல்லை, பி வைரஸிடமும் வாங்குவதில்லை. டி.என்.ஏ.வை வாசிப்பதற்கென்று செல் வைத்திருக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்சைமைத் தன் ஆர்.என்.ஏ.வை வாசிக்க வைத்துவிடுகிறது. நகல்கள் நீளமாகத் தொடர்ந்து வரும். அவற்றைச் சரியான இடத்தில் வெட்டுவதும் அந்த ஆர்.என்.ஏ.வேதான். பி வைரஸ் இல்லாத செல்லிலும் இவ்வளவும் நடக்கும். வெளியே போய் அடுத்த செல்லுக்குள் நுழையத்தான் அந்தச் சட்டை.

1977இல் இத்தாலியின் டூரின் நகரில் மாரியோ ரிசெட்டோ, பி வைரஸ் நோயாளிகளின் கல்லீரல் செல்களில் புதிய ஆன்டிஜென் ஒன்றைக் கண்டார். அப்போது அதைப் பி வைரஸின் இன்னொரு புரதம் என்றுதான் நினைத்தார்கள். அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து சிம்பன்சிகளில் செய்த சோதனைகளில்தான், இது பி வைரஸின் பகுதி இல்லை, வேறொரு தொற்றும் பொருள், ஆனால் பி வைரஸ் இருந்தால்தான் தொற்றும் என்று உறுதியானது.

இனி செய்ய வேண்டியது. எதிர்ப்புரதம் பாசிட்டிவ் என்றால் டெல்டா உடலில் எப்போதாவது நுழைந்தது என்று பொருள். இப்போது பெருகுகிறதா என்று பார்க்க டெல்டா ஆர்.என்.ஏ. பிசிஆர் செய்ய வேண்டும். டெனோஃபோவிரை நிறுத்த வேண்டாம், உங்கள் மருத்துவர் சொல்லாமல் எதையும் மாற்ற வேண்டாம். பெக் இன்டர்ஃபெரான் ஊசி நெடுநாளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஐரோப்பாவில் 2020இல் புலெவிர்டைட் என்ற மருந்துக்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அது தினமும் தோலுக்கடியில் போடும் ஊசி. அந்த மருந்தின் கதை அழகானது. பி வைரஸும் டெல்டாவும் ஒரே சட்டை போட்டிருப்பதால் கல்லீரல் செல்லின் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. என்டிசிபி என்ற அந்தக் கதவு 2012இல்தான் தெரியவந்தது. பி வைரஸின் மேலுறையிலிருந்து 47 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டைப் போலச் செய்து ஊசியாகப் போடுகிறார்கள். அது போய்க் கதவின் பூட்டில் மாட்டிக்கொள்கிறது. வைரஸ் வரும்போது பூட்டில் இடமில்லை.

ஹெபடைடிஸ் பி உள்ள எல்லோருக்கும் ஒருமுறையாவது டெல்டா எதிர்ப்புரதம் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் அண்ணனுக்கு அது இரண்டு வருடம் தாமதமானது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஒரு குழாய் இரத்தத்தில் முடியக்கூடிய சோதனை.

இன்னொன்று, வீட்டில் உள்ள எல்லோரும் பி வைரஸ் சோதனை செய்துகொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. பி வராதவருக்கு டெல்டா வராது. ஒரே ஊசியில் இரண்டும் நிற்கும்.

தறி

மருதம், நன்றி. ஓர் இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை சேர்க்கலாமா? "பி வராதவருக்கு டெல்டா வராது" என்பது நடைமுறையில் முற்றிலும் சரி, இளவேனில் வீட்டார் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டெல்டா பிறவியிலேயே பி வைரஸோடு ஒட்டியது இல்லை போலிருக்கிறது. 2018க்குப் பிறகு வாத்திலும் பாம்பிலும் டெல்டாவின் உறவினர்கள் கிடைத்தன, பக்கத்தில் பி வைரஸ் வகை எதுவும் இல்லாமல். 2019இல் ஆய்வகத்தில் டெங்கு, ஹெபடைடிஸ் சி வைரஸ்களின் மேலுறையைக் கொடுத்துப் பார்த்தபோது டெல்டா அதையும் போட்டுக்கொண்டது.

மருதம்

சரியான சேர்க்கை. மனிதரில் அது நடைமுறையில் பி வைரஸின் உடையில்தான் சுற்றுகிறது. உயிரியலாகப் பார்த்தால், மேலுறை தருபவர் யாராக இருந்தாலும் சரி என்பது போல அமைந்திருக்கிறது. பச்சிலை சொன்ன புகையிலைத் துணைக்கோளும் டெல்டாவும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். அதற்கு உறை சொந்தம், நகலெடுக்கும் என்சைம் இரவல். இதற்கு உறை இரவல், நகலெடுப்புக்கு உதவி வைரஸிடம் போவதே இல்லை. இரண்டையும் "குறை வைரஸ்" என்ற ஒரே சொல்லில் அடைத்தால் இளவேனிலின் கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

நீர்த்துளி

உதவி வைரஸுக்கு நஷ்டமா என்று முகில் கேட்டது அப்படியே நிற்கிறது. கடல் நுண்ணுயிர் பக்கத்திலிருந்து ஒரு பதில்.

அமீபாவைத் தாக்கும் ராட்சத வைரஸ்கள் இருக்கின்றன. 2008இல் அவற்றில் ஒன்றான மாமாவைரஸின் நகலெடுப்புத் தொழிற்சாலைக்குள்ளேயே குடியேறிப் பெருகும் ஸ்புட்னிக் என்ற சின்ன வைரஸ் கிடைத்தது. அது கூட இருந்தால் மாமாவைரஸின் தொற்றும் துகள்கள் சுமார் 70 சதவீதம் குறைந்தன, பிறந்தவற்றிலும் கோணல்மாணல் வடிவங்கள். ஆகவே நஷ்டம்தான், பெரிய நஷ்டம்.

ஆனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். கஃபெட்டீரியா என்ற ஒரு கடல் ஒற்றைச்செல் உயிரியைக் குரோவ் என்ற ராட்சத வைரஸ் தாக்கும். குரோவை நம்பி வாழ்வது மாவைரஸ். இந்த மாவைரஸ் அந்த உயிரியின் மரபணுத்தொகுதிக்குள் தன்னைச் சொருகிக்கொண்டு சும்மா இருக்கும். குரோவ் உள்ளே வந்ததும் விழித்துப் பெருகும். அந்தச் செல் பிழைக்காது, குரோவ் அதைக் கொன்றுவிடும். ஆனால் வெடித்து வெளியே வரும் மாவைரஸ் அக்கம்பக்கத்துச் செல்களில் குரோவை அடக்கிவிடுகிறது. 2016இல் வெளியான இந்த ஆய்வை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "குறை" என்று நாம் சொல்லும் வைரஸை ஓர் உயிரினம் தன் டி.என்.ஏ.வில் காவலுக்கு வைத்திருக்கிறது.

தறி

பாக்டீரியா வைரஸ்களிலும் இந்தப் பறிப்பு உண்டு. பி2 ஃபேஜை நம்பி வாழும் பி4 ஃபேஜ், பி2வின் தலைப் புரதங்களைக் கொண்டே சின்னத் தலையாகக் கட்ட வைக்கும். பி4இன் டி.என்.ஏ. அதற்குள் பொருந்தும், பி2வின் மூன்று மடங்கு நீள டி.என்.ஏ. பொருந்தாது.

இளவேனில்

பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். மருதம் சொன்னபடியே இருக்கிறது. டி.என்.ஏ. கண்டறிய இயலவில்லை, அதற்கு இரண்டு வரி கீழே ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ். எல்லா அறிக்கையிலும். அந்த வரியை நாங்கள் படித்ததே இல்லை, மேல் வரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவோம்.

டெல்டா பிசிஆர் பாசிட்டிவ். மருத்துவர் எந்தச் சிகிச்சை என்று அடுத்த வாரம் முடிவு செய்வதாகச் சொன்னார். அண்ணியும் குழந்தைகளும் பி வைரஸ் சோதனையில் நெகட்டிவ், ஊசி தொடங்கிவிட்டது. நானும் போட்டுக்கொண்டேன். இத்தனை நாளும் தன்மேல்தான் ஏதோ தப்பு என்று அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். "சட்டை தைத்துத் தயாராக இருந்தது" என்ற வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

முகில்

இளவேனில், அண்ணனுக்கு நலம் கிடைக்கட்டும். அடுத்த வாரம் முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

பாடக்குறிப்பில் அந்தப் பத்தியை மாற்றி எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"சில வைரஸ்கள் பெருக, செல் மட்டும் போதாது. அதே செல்லில் வேறொரு வைரஸும் இருக்க வேண்டும். இவற்றைச் சார்பு வைரஸ்கள் எனலாம். இவை உதவி வைரஸின் ஒட்டுண்ணிகள். ஒவ்வொன்றுக்கும் குறைவது வேறு. டெல்டாவுக்கு மேலுறை இல்லை. புகையிலைத் துணைக்கோளுக்கு நகலெடுக்கும் என்சைம் இல்லை. ஏஏவியிடம் இரண்டு முக்கிய மரபணுக்களும் இருந்தும், அவற்றை முடுக்கிவிட அடினோ வேண்டும். ஒரு சார்பு வைரஸைப் பற்றிப் படிக்கும்போது, அதற்கு எது இல்லை, அதை யார் தருகிறார் என்று முதலில் கேளுங்கள்."

"குறை" என்ற சொல்லைத் தறி சொன்ன குறைத்துகள்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். பிரையன் வகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன்.

பச்சிலை

நன்றாக வந்திருக்கிறது. நான்காவது வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஸ்புட்னிக்குக்கு ஒட்டுண்ணி பொருந்தும். நிலக்கடலையில் அந்த 900 எழுத்துத் துணைக்கோள் இல்லாமல் ரோசெட் வைரஸால் செடியை விட்டு நகரவே முடியாது. அதை ஒட்டுண்ணி என்று படித்த பிள்ளை, நீங்கள் போட்ட அம்புக்குறிப் படத்தைப் பார்த்ததும் குழம்பிப்போகும்.

முகில்

எடுத்துவிட்டேன்.